முதலில் இறங்கியவள்

சுப்புத்தாயின் தாடையை மாயக்காள் ஒரு கையால் நெரித்துப் பிடித்திருந்தாள். மறு கையால் வாயைப் பொத்தியிருந்தாள். கீழே கிடந்தவள் கால்களை உதறினாள்.

"ஏ கொலகாரி, விடு அவள!" கம்பவுண்டர் பலவேசம் ஓடிவந்து மாயக்காளை இழுத்து அவள் பாயில் தள்ளினார்.

"நீரு யாருய்யா குறுக்க? இவ என் சக்களத்தி. நாங்க வீட்டுலயும் இப்படித்தான்" என்றாள் மாயக்காள், மூச்சிரைக்க. காய்ச்சலில் அவள் கண்கள் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்திருந்தன.

ஓடைப்பட்டிக்கு வெளியே பிளேக்குக்காகப் போட்ட ஓலைக் கொட்டகை அது. ஊரில் எலி செத்து விழ ஆரம்பித்துப் பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் கொட்டகையில் பாய் விரிக்க இடமில்லை.

ஒச்சாண்டியின் இரண்டு பெண்டாட்டிகளுக்கும் ஒரே நாளில் தொடையிடுக்கில் நெறி கட்டிவிட்டது. மூத்தவள் மாயக்காளுக்குப் பிள்ளை இல்லை என்றுதான் சுப்புத்தாயைக் கட்டினான். அன்று முதல் ஒரு வீட்டுக்குள் இரண்டு அடுப்பு. சாவுக்கு அதெல்லாம் தெரியுமா? இரண்டு பேரையும் ஒரே வண்டியில் கொண்டுவந்து இறக்கினான்.

டாக்டர் ஞானதுரையிடம் புது மாத்திரை ஒன்று சோதனைக்கு வந்திருந்தது. யுத்த காலம், பெட்டியில் இருப்பதே அளவுதான். வருகிற வரிசையில் ஒருவருக்கு மாத்திரை, அடுத்தவருக்குப் பழைய மருந்துத் தண்ணீர். எந்தப் பக்கம் பிழைக்கிறார்கள் என்று பார்த்து மெட்ராஸுக்கு எழுத வேண்டும். படித்தவர்கள் உயிரை இப்படித்தான் நிறுத்துப் பார்ப்பார்கள்.

வண்டியிலிருந்து முதலில் இறங்கியவள் மாயக்காள். மாத்திரை அவளுக்கு. அடுத்து இறங்கிய சுப்புத்தாய்க்குத் தண்ணீர்.

"எளையவளுக்குக் குடுங்க சாமி. ரெண்டு வயசுப் பொம்பளப்புள்ள இன்னும் பால்குடி மறக்கல" என்று ஒச்சாண்டி காலில் விழுந்தான்.

"வரிசைய மாத்துனா சோதனையே கெட்டுப்போகும்ப்பா" என்றார் டாக்டர்.

மாயக்காள் படுத்தபடியே சிரித்தாள். "கேட்டுக்கிட்டீகளா மச்சான்? அம்புட்டுப் பிரியம் உள்ளவரு அவளையில்ல மொதல்ல எறக்கியிருக்கணும்? எம் மாத்திர எனக்குத்தான்."

ஒச்சாண்டி எழுந்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் குடிசைக்குப் போய்விட்டான். பிளேக்கு வந்த வீட்டில் யார் படுப்பார்கள்?

அதன்பிறகு மாத்திரை வருகிற வேளையெல்லாம் சண்டைதான். மாயக்காள் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். வாயைத் திறக்கச் சொன்னால், கடைவாயில் அதக்கிய புகையிலையோடு 'ஆ' என்று காட்டுவாள். பலவேசம் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த பாய்க்குப் போவார். அவர் நாலு எட்டு வைப்பதற்குள் இவள் தவழ்ந்துபோய் இளையவள் மேல் விழுந்திருப்பாள்.

"செத்துகித்துத் தொலைஞ்சிராதடி! ஒம் புள்ளைக்குக் குண்டி கழுவ என்னைய வச்சிட்டு, நீ பாட்டுக்குப் போயிரலாம்னு பாக்கியா? நடக்காது!"

"வேணாங்க்கா... விடுக்கா..." சுப்புத்தாய்க்கு அதற்கு மேல் நாக்கு எழும்பாது.

"இதுகளத் தள்ளித் தள்ளிப் படுக்க வைங்க டாக்டர். ஒருநா இல்லாட்டி ஒருநா கழுத்தத் திருகிப்புடுவா" என்றார் பலவேசம்.

"எங்க தள்ளச் சொல்றீரு? வெயில்லயா?"

டாக்டர் சரியாகச் சாப்பிட்டு மூன்று நாள் ஆகிவிட்டது. மாத்திரை தின்ற எட்டுப் பேரில் நாலு பேர் போய்விட்டார்கள். தண்ணீர் குடித்த எட்டுப் பேரிலும் நாலு. ஆனால் மாயக்காளுக்கும் சுப்புத்தாய்க்கும் ஒரே வீடு, ஒரே கொட்டகைக் கஞ்சி, ஒரே நாள் காய்ச்சல். இந்த இரண்டு பெண்களாவது தனக்கு ஒரு வழி காட்டுவார்கள் என்று அவர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் உச்சிப்பொழுதில் மாயக்காள் செத்தாள். தூக்கிப்போக ஆள் வருவதற்குள் சுப்புத்தாய்க்கு உடம்பெல்லாம் வேர்த்துக் காய்ச்சல் விட்டது. மறுநாள் காலையில் எழுந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் காலியாகிவிட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் நோட்டைத் தூக்கி எறிந்தார். "தின்னவ போயிட்டா, திங்காதவ ஒக்காந்துட்டா. இதுல ஒரு மண்ணும் இல்ல. பெட்டியக் கட்டும் பலவேசம், மெட்ராஸுக்கே திருப்பி அனுப்பிருவோம்."

பலவேசம் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போதே ஒச்சாண்டி வரப்பு வழியாக ஓடிவந்தான். தோளில் குழந்தை துவண்டு கிடந்தது. அதன் அக்குளில் எலுமிச்சங்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்தது.

"இதுக்காவது அந்த மாத்திரையக் குடுங்க சாமி! ஒருத்திய மண்ணுக்குக் குடுத்துட்டு வந்து நிக்கேன்."

"வச்சிக்கிட்டு இல்லேங்கலப்பா. அது பலிக்காது." டாக்டர் குழந்தையின் அக்குளைத் தொட்டுப் பார்த்தார். "பிஞ்சு வகுத்துல போட்டு அதையும் கொல்லச் சொல்றியா? ஒம் மூத்தவ நாலு நாளும் முழுங்கிட்டுத்தான செத்தா?"

ஒச்சாண்டி தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

சுப்புத்தாய் எழப் பார்த்தாள், முடியவில்லை. தவழ்ந்தே வந்து, பெட்டியில் கட்டியிருந்த கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

"அக்கா ஒன்னுகூட முழுங்கல சாமி, அம்புட்டையும் என் வாயிலதான் திணிச்சாக!"