கீழ்பென்னாத்தூரில் எந்தப் பக்கம்

"உள்ள வா தம்பி, செருப்பு அங்கயே இருக்கட்டும்" என்று வீட்டுச் சொந்தக்காரி ராஜம்மாள் கோஃபியிடம் சொன்னதும் கவிநிலாவால் தன் காதையே நம்ப முடியவில்லை.

வேங்கிக்காலில் அவர்கள் ஏறி இறங்கிய வீடுகளில் யாரும் கோஃபியை வாசல் தாண்டி விட்டதில்லை. போனில், வெளிநாட்டுக்காரரா, தாராளமாக வாங்க என்பார்கள். நேரில் அவனைப் பார்த்ததும் வீடு திடீரென்று முடிந்துபோயிருக்கும். ஒருவர் மட்டும் மறைக்காமல் சொன்னார். வெளிநாட்டுக்காரர் என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைத்துவிட்டாராம்.

கோஃபி கானா நாட்டுக்காரன். சென்னைக்குப் படிக்க வந்தவன், கவிநிலாவைக் காதலித்துக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டான். அவளுக்கு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு மாற்றல் வந்ததால் இந்த வீட்டு வேட்டை.

இன்றைக்கும் அதே பேச்சுதான் வரும் என்று பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். கொஞ்சம் காரமான பதில்.

அது தேவைப்படவில்லை.

ராஜம்மாள் மாடியைத் திறந்து காட்டினாள். தண்ணீர்க் கஷ்டம் கிடையாது, கொசு மட்டும் ஜாஸ்தி என்றாள். பிறகு கோஃபியை நிமிர்ந்து பார்த்தாள்.

"என் பொண்ணு அமெரிக்காவுல இருக்கா. அவ பக்கத்து வீட்டுல உங்க ஆளுங்கதான். தங்கமான மனுஷங்கன்னு சொல்லுவா. பேரு என்ன சொன்ன, கோபியா?"

"கோபின்னே கூப்பிடுங்கம்மா."

அவன் தமிழைக் கேட்டு ராஜம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். கீழே கூட்டிப்போய்க் காபி கொடுத்தாள். வர்ற வெள்ளிக்கிழமையே பால் காய்ச்சிவிடலாம் என்றாள்.

கவிநிலா காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உனக்கு எந்த ஊரும்மா?"

"கீழ்பென்னாத்தூருங்க."

"அட, எங்க பெரியம்மாவைக் குடுத்த ஊரு! அங்க எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்விக்கும் அவளிடம் ஒரு பதில் உண்டு. விடுதியில், கல்லூரியில், வேலையில் சேர்ந்த முதல் நாளில் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய பதில். பஸ் ஸ்டாண்டு பக்கம். அதற்குமேல் யாரும் துருவ மாட்டார்கள். இப்போதும் அது நுனி நாக்கில் வந்து நின்றது. சொல்லிவிட்டால் வெள்ளிக்கிழமை பால் காய்ச்சலாம்.

பக்கத்தில் கோஃபி உட்கார்ந்திருந்தான். தன் தோலை எங்கேயும் கழற்றி வைத்துவிட்டு வர முடியாதவன்.

"காலனி" என்றாள்.

ராஜம்மாளுக்குக் காது நன்றாகக் கேட்கும். இருந்தும், "எது?" என்றாள்.

"காலனிங்க. கண்ணாயிரம் வாத்தியார் பொண்ணு."

இந்த மாவட்டத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான், ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட சாதிக்காரர்களின் தெரு. கவிநிலா குடித்து வைத்த டம்ளரை எடுக்கப் போன ராஜம்மாளின் கை பாதியில் நின்றது.

அவளுடைய தம்பி மகன் மாடியைக் கேட்டிருந்தானாம். சுத்தமாக மறந்தே போய்விட்டதாம்.

"உனக்குக் குடுக்கறதுல எனக்கு ஒண்ணுமில்ல தம்பி" என்றாள் கோஃபியிடம். நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னாள்.

கோஃபி மிச்சக் காபியை நிதானமாகக் குடித்து முடித்தான்.

"நாங்களும் காலனிதாம்மா" என்றான் சிரித்துக்கொண்டே. "வெள்ளைக்காரன் காலனி. ரொம்ப வருஷம்."

ராஜம்மாள் சிரிக்கவில்லை.

தெருவுக்கு வந்ததும் கவிநிலா நின்றாள். இத்தனை நாள் இந்த ஊரின் அவமானமெல்லாம் அவனுக்குத்தான் என்று நினைத்து அவள் அவனைத் தேற்றிக்கொண்டிருந்தாள். இப்போது எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"கோஃபி, அவங்க நெனச்ச காலனி வேற."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"கல்யாணத்தன்னிக்கு உங்க ஊருல நம்ம காரை வழியில நிறுத்தி, ஊர்த்தெரு வழியா போகக் கூடாது, சுத்திப் போங்கன்னாங்கல்ல. என்னாலதான்னு நெனச்சு உங்கப்பாகிட்ட சாரி கேட்டேன். உன்னால இல்ல மாப்ள, எங்களாலன்னாரு."

அப்பா இதை அவளிடம் சொன்னதே இல்லை. இவனும் சொல்லவில்லை.

அவள் வண்டிச் சாவியைப் பைக்குள் போட்டாள். நாலைந்து வீடு தள்ளி இன்னொரு கேட்டில் 'வீடு வாடகைக்கு' அட்டை தொங்கியது. விறுவிறுவென்று நடந்துபோய் மணியை அடித்தாள். பனியன் போட்ட ஒருவர் வெளியே வந்து கோஃபியை மேலும் கீழும் பார்த்தார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் கவிநிலா, ராஜம்மாள் வீடு வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"நான் கீழ்பென்னாத்தூர் காலனி, கண்ணாயிரம் வாத்தியார் பொண்ணு. இவரு என் வீட்டுக்காரர், கானா. வீடு பார்க்க வந்திருக்கோம்."

அவர் கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தபடி யோசித்தார்.

"சாவி எடுத்துட்டு வாங்கண்ணே" என்றாள் அவள். "நாங்க இங்கயேதான் நிப்போம்."