அரைக் கிலோ கேக்கில் அடங்குவது

"இதை எழுத கேக் பத்தாதுடி, மேசையும் வேணும்," என்று சொல்லி அக்கா காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தாள்.

ஃபோனில் கேக் கேட்டவர் சொல்லச் சொல்ல, ஆர்டர் சீட்டில் அப்படியே எழுதியிருந்தேன். நடுவில் நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முன்பக்கம் நிறைந்து பின்பக்கமும் போயிருந்தது.

அவர் மனைவி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கேக்கைப் பார்த்ததும் அவள் திரும்பி வர வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

கிரீமில் எழுதியதை அழித்தால் தழும்பு தெரியும். அதனால் எங்கள் கடையில் எந்த வாசகமும் அக்கா பேனா பட்ட பிறகுதான் கேக்குக்குப் போகும்.

மேலே பேர் எங்கே என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றேன், கிரீம் பையைப் பார்த்துக்கொண்டு.

'என் உயிருக்கு உயிரானவளே' முதலில் போனது. கல்யாணமான புதிதில் சொல்லியிருக்க வேண்டியது, இப்போது எதற்கு என்றாள்.

'நீ இல்லாத வீடு வீடாகவே இல்லை' போனது. பாத்திரம் கழுவ ஆளில்லை என்று அர்த்தமாம்.

'தப்பு என்னுடையதுதான், ஆனால் நீயும் கொஞ்சம்' என்ற இடத்தில் பேனாவை அழுத்தி இழுத்தாள். மன்னிப்புக் கேட்க வந்தவனுக்கு 'ஆனால்' என்ன வேண்டிக்கிடக்கிறது என்று முணுமுணுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பின்னறையில் குழாய் சொட்டியது. எழுந்துபோய் இறுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்தச் சத்தம் கேட்டால் அவளுக்கு வேலை ஓடாது, தூக்கமும் வராது.

சீட்டைத் திருப்பினாள். அவருடைய ஆபீஸ், தலைவலி, ஹோட்டல் சாப்பாட்டில் கெட்ட வயிறு எல்லாம் ஒரே கோட்டில் போயின.

அடியில் மிஞ்சியது இதுதான்: 'சமையலறைக் குழாயைச் சரிசெய்துவிட்டேன். வா.'

பேனா நின்றது.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கிரீம் பையின் முனையைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த முனைதான்.

அவள் குனிந்து அந்த 'வா'வையும் அடித்தாள்.

"இது எதுக்கு? குழாய் சரியாயிடுச்சுன்னா அவளுக்கு வரத் தெரியாதா?"

மிச்சத்தை எழுதினேன். கடைசி எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது. அக்கா அதைப் பார்த்தும் பேனாவைக் காதில் செருகிக்கொண்டாள். அதுவே அதிசயம்.

டப்பாவை மூடி ரிப்பன் கட்டினேன். எந்த முகவரிக்கு அனுப்ப என்று அவள் கேட்கவில்லை. ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, டப்பாவைத் தானே தூக்கிக்கொண்டாள்.

இன்று வீட்டுக்கு வரமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடச் சொன்னாள். அத்தானுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லட்டுமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"வேணாம். அந்த மனுஷன் பேச ஆரம்பிச்சா கேக் உருகிடும்."