மவுஸ் தொடாத மின்னல்

“மவுஸைத் தொடாமலேயா?” என்று கேட்ட மேனேஜர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“தொடறதே இல்லை சார். கையை எடுத்து, மவுஸைப் பிடிச்சு, அம்புக்குறி எங்கேன்னு தேடி, நகர்த்தி, கிளிக் பண்ணி... அதுக்குள்ள நான் ரெண்டு பார்சல் ஏத்திடுவேன்” என்றார் மின்னல்.

அந்தப் பார்சல் கம்பெனியின் பதிவுப் பிரிவில் போன மாதம்வரை அவருக்கு ஆமை என்றுதான் பெயர். அனுப்புநர், பெறுநர், ஊர், எடை என்று ஒரு வரியை அவர் ஏற்றி முடிப்பதற்குள் பார்சலே போய்ச் சேர்ந்துவிடும் என்பார்கள். அதில் பெரிய மிகை ஒன்றும் இல்லை என்பது அவருக்கே தெரியும். இப்போது கன்ட்ரோலையும் டியையும் சேர்த்துத் தட்டினால் மேல்வரியின் ஊர்ப் பெயர் கீழே இறங்குகிறது. ஆல்ட்டையும் டேபையும் தட்டினால் கேட்ட பக்கம் முன்னால் வந்து நிற்கிறது. பிரிவே அவரை மின்னல் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. தலை நரைத்த பிறகு வந்த முதல் பட்டம் என்பதால், காதில் விழும்போதெல்லாம் கொஞ்சம் கூச்சமாகவும் நிறைய சந்தோஷமாகவும் இருந்தது.

“எப்படி சார் கத்துக்கிட்டீங்க?”

“ஆர்வம்தான் சார். வசதியையே பார்த்துக்கிட்டிருந்தா மனுஷன் வளர முடியுமா?”

சொல்லிவிட்டு, இவ்வளவு கூசாமல் பேச எங்கே கற்றுக்கொண்டோம் என்று அவரே வியந்தார்.

மேனேஜர் இந்தக் கிளைக்குப் புதிது. புதிதாக வந்தவர்களுக்கே உரிய வேகத்தில் மேசையைத் தட்டினார்.

“இன்னிலேருந்து இந்த செக்ஷன்ல யாருக்கும் மவுஸ் கிடையாது. எல்லாரும் இவர்கிட்ட கத்துக்குங்க. நல்லா நடந்தா, ஹெட் ஆபீஸ்ல சொல்லி இவரையே செக்ஷன் ஹெட்டா போடச் சொல்றேன். ஸ்டோர்ஸ் மேடத்தைக் கூப்பிட்டு எல்லா மவுஸையும் எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க!”

ஸ்டோர்ஸ் என்றதும் மின்னல் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

“எதுக்கு சார் அவங்களுக்குச் சிரமம்? நானே எல்லாத்தையும் பெட்டியில போட்டு அனுப்பிடறேனே.”

“வருங்கால செக்ஷன் ஹெட் மவுஸ் பொறுக்கறதா? நீங்க உட்காருங்க.”

மேனேஜர் போனை எடுக்க, பக்கத்து சீட் அம்மாள் பல்லைக் கடித்தபடி இந்தப் பக்கம் சாய்ந்தார்.

“நல்லா இருப்பீங்க நீங்க! இந்த வயசுல எதை எதோட சேர்த்துத் தட்டறதுன்னு நான் மனப்பாடம் பண்ணணுமா? ஸ்டோர்ஸ் மேடம்கிட்டயாவது சொல்லி நிறுத்துங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.”

“நான் சொன்னா கேப்பாங்களா? நல்லா சொன்னீங்க போங்க.”

ஒரே ஒரு உண்மையைச் சொன்னால் எல்லோருடைய மவுஸும் பிழைக்கும். ஆனால் பட்டம் போகும், வரப்போகும் பதவியும் போகும், பழைய ஆமை ஊர்ந்து வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். மின்னல் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஸ்டோர்ஸ் மேடம் அட்டைப்பெட்டியோடு வந்தார். யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒவ்வொரு மேசையாக மவுஸைத் திருப்பி, அடியில் விளக்கு எரிகிறதா என்று பார்த்து, ஒயரைப் பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டே நகர்ந்தார். மின்னல் கீபோர்டின் மேல் குனிந்து, இல்லாத வேலையை மும்முரமாகச் செய்துகொண்டிருந்தார்.

அவருடைய மவுஸின் அடியில் விளக்கு எரியவில்லை. மேடம் அதை முகர்ந்து பார்த்தார். இடுக்கெல்லாம் காய்ந்த டீ.

“இது செத்து எவ்வளவு நாளாச்சு?”

பிரிவே திரும்பிப் பார்த்தது. மேனேஜர் எழுந்தே வந்துவிட்டார்.

“செத்துப்போச்சா? அப்போ ஆர்வம், வளர்ச்சின்னு அளந்ததெல்லாம்?”

“போன மாசம் டீயைக் கொட்டிட்டேன் சார். அப்புறம் வேற வழி தெரியாம கீபோர்டையே தட்டித் தட்டி...”

“அட கடவுளே! ஸ்டோர்ஸ்ல ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே புதுசு கிடைச்சிருக்குமே. அதைக் கேக்க உங்களுக்கு என்ன கஷ்டம்?”

மின்னல் ஓரக்கண்ணால் ஸ்டோர்ஸ் மேடத்தைப் பார்த்தார். எல்லோருக்கும் மவுஸைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டே தன் அறைக்குள் போனார். பட்டமும் பதவியும் அவர் பின்னாலேயே போயின. “வாங்க ஆமை சார்!” என்று பக்கத்து சீட் அம்மாள் சிரித்த சிரிப்பில் மின்னலை அவமானம் பிடுங்கித் தின்றிருக்க வேண்டும்.

ஆனால் அவர் முகத்தில் அப்படியொரு வெற்றிக்களை. மேடம் புது மவுஸ் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது, மின்னல் வேறு யாருக்கும் கேட்காதபடி கிசுகிசுத்தார்.

“பார்த்தியா? ஒரு மாசம் கழிச்சு, முதல்ல வாயைத் திறந்தது நீதான்!”

மேடம் ஒயரைச் செருகிவிட்டு நிமிர்ந்தார்.

“கேட்டது ஸ்டோர்ஸ் மேடம். உங்க பொண்டாட்டி இன்னும் பேச ஆரம்பிக்கல.”