நடுவில் வளைந்த சுவர்

"நான் சொன்னா நம்ப மாட்டே. சர்வேயர் வந்து அளக்கட்டும். சுவரை எவ்வளவு இடிக்கிறதுன்னு அப்புறம் பேசலாம்" என்றார் தையல்காரர்.

பக்கத்து வீட்டு டிரைவர் முகம் கொடுக்காமல் நின்றார். "அளந்துதான் ஆகணுமாண்ணே? இத்தனை வருஷம் இப்படியே இருந்தாச்சு..."

"ஏன், குட்டு வெளிப்பட்டுடும்னு பயமா?"



இரண்டு வீட்டுக்கும் நடுவில் டிரைவர் கட்டிய சுவர் அது. தையல்காரர் வீட்டு ஜன்னலுக்கு எதிரே மட்டும் டிரைவர் பக்கம் இரண்டடி உள்வாங்கியிருக்கும். முன்னாலும் பின்னாலும் தையல்காரர் பக்கம் நெருங்கி வரும்.

நடுவில் இருப்பதுதான் சரியான எல்லை. முன்னால் வண்டி நிறுத்தவும் பின்னால் துணி துவைக்கவும் ஆள் இந்தப் பக்கம் இரண்டடி தள்ளிக் கட்டிவிட்டான். இது தையல்காரரின் கணக்கு. கட்டும்போது அவர் கவனிக்கவில்லை. மனைவி படுத்த படுக்கை. ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் ஓடவே நேரம் சரியாக இருந்தது.

இப்போது வீட்டை மகள் பேரில் எழுதப் போகிறார். குறைத்துக் கொடுக்க மனசு வரவில்லை.

பெண் சர்வேயர் ஒருத்தி வந்து கருவியை நிறுத்தினாள். "நேரமாகும் ஐயா, உள்ளே உட்காருங்க."

ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். அங்கேதான் மனைவியின் கட்டில் இருந்தது. படுத்தபடியே ஊசிகளில் நூல் கோத்துக் கொடுப்பாள். "கண்ணாடி போட்டும் ஊசிக் காது தெரியலை. நீங்கெல்லாம் ஒரு டெய்லர்!"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து டிரைவர் குரல் கொடுப்பார்: "நல்லா கேளுங்க அண்ணி! என் சட்டைக்குப் பட்டன் வெக்க ஒரு மாசமா இழுத்தடிக்கிறாரு!"

அவள் சிரிப்பு தெருமுனை வரை கேட்கும். அவளும் போய்ச் சேர்ந்தாள். இந்த இரண்டடித் தகராறில், மிச்சமிருந்த பேச்சும் நின்றுபோயிற்று.

"ஐயா, வாங்க!"

சர்வேயர் இரண்டு முனையிலும் தோண்டி, புதைந்து கிடந்த எல்லைக் கற்களைக் கண்டுபிடித்திருந்தாள். கல்லுக்குக் கல் நூல் கட்டியிருந்தாள்.

முன்னால் நூல் சுவரை ஒட்டியே போனது. பின்னாலும் அப்படியே. நடுவில் மட்டும் சுவரை விட்டு விலகி, தையல்காரரின் ஜன்னலுக்கு ஒரு முழம் முன்னால் ஓடியது.

"முன்னும் பின்னும் சரியாத்தான் கட்டியிருக்கார். நடுவுலதான் தப்பு. அந்த ரெண்டடி அவரோட இடம். இத்தனை நாளா அனுபவிக்கிறது நீங்கதான்."

தையல்காரர் நூலைத் தொட்டுப் பார்த்தார். டிரைவர் பக்கம் திரும்பினார்.

"இது உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியும்ணே."

"வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே! உன்னைத் திருடன்னு கூட சொல்லிட்டேனே. எதுக்குய்யா சுவரை வளைச்சுக் கட்டினே?"

டிரைவர் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தார்.

"நேரா கட்டினா அங்கே வெளிச்சம் போயிடும்ணே. அப்புறம் அண்ணி எப்படி நூல் கோப்பாங்க?"