அறுபத்தைந்து கிலோவுக்கு ஒருவர்

மல்யுத்த மாஸ்டர் குப்புறப் படுத்து, கன்னத்தை மெத்தையோடு ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மல்லாந்து கிடந்தவன் அவருடைய மகன். அவன் மார்பில் முகத்தைப் புதைத்து அழுத்திக்கொண்டிருந்தவனை எல்லோரும் ஸ்பிரிங் என்று கூப்பிடுவார்கள்.

இரண்டு தோளும் மெத்தையில் பட்டால் நடுவர் மெத்தையை அறைவார், ஆட்டம் முடிந்தது. அறுபத்தைந்து கிலோ பிரிவில் பள்ளிக்கு ஓர் இடம்தான். ஜெயிப்பவன் மாநிலப் போட்டிக்குப் போவான். தோற்பவன் மூட்டை கட்ட வேண்டியதுதான். இருவருக்குமே பள்ளியில் இது கடைசி வருடம்.

மகன் நன்றாகவே ஆடுவான். அதுதான் தலைவலி. அவன் ஜெயித்தபோதெல்லாம், அப்பாவே கோச், அப்புறம் என்ன என்று மற்ற பெற்றோர் ஜாடைமாடையாகப் பேசினார்கள். மாஸ்டர் கேட்காத மாதிரி இருந்துவிடுவார். பிடி வாங்கி வாங்கி நசுங்கிப்போன காதுகள்தான், ஆனால் நன்றாகவே கேட்கும்.

தன் காலத்தில் அவர் மாநில சாம்பியன். பயிற்சியாளராக எத்தனையோ பேரைப் பதக்கத்தோடு அழைத்துவந்தவர். அவ்வளவும் இந்த ஒரு பேச்சில் அடிபட்டுப் போவதை அவரால் தாங்க முடியவில்லை. இன்றைக்கு வேறு நடுவரை வைக்கலாமே என்று தலைமையாசிரியர் சொல்லிப் பார்த்தார். மாஸ்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

மகன் தலையை ஊன்றி, இடுப்பைத் தூக்கி, வில்லாக வளைந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்தால் புரண்டுவிடுவான்.

மாஸ்டர் உள்ளங்கையால் மெத்தையை ஓங்கி அறைந்தார்.

ஸ்பிரிங் துள்ளி எழுந்தான். சுவரோரம் நின்ற பெற்றோர் கைதட்டினார்கள். ஸ்பிரிங்கின் அப்பா ஓடிவந்து மாஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இப்படிப்பட்ட மனுஷனைப் போய்ப் பேசினோமே என்று கண் கலங்கினார்.

மாஸ்டருக்கு நிம்மதியாக இருந்தது. உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மகனின் அம்மா மட்டும் கைதட்டவில்லை. அவனிடம் துண்டை நீட்டி, கணவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நிஜமாவே தோள் பட்டுச்சாடா?"

மகன் துண்டை வாங்கிக்கொண்டான். அப்பா மெத்தையை அறைந்தபோது அவனுடைய இடது தோளுக்குக் கீழே ஒரு விரல் நுழைகிற இடைவெளி இருந்தது. அது தெரிந்தவர்கள் அந்த அறையில் இரண்டே பேர்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"பட்டுச்சும்மா. அப்பா அவ்ளோ கிட்ட இருந்து பார்த்தாரே."