ஜெசிந்தா அக்கா கபடி பழகுகிறார்

இன்று மாலை வகுப்பில் ஜெசிந்தா அக்காவைக் கணுக்காலில் பிடித்து ஆறு முறை வீழ்த்தினேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஒன்பது ஆண்டுகள் தொழில்முறைக் கபடி ஆடியவர் அவர். ஒப்பந்தம் முடிந்த அன்றே, அவர் கைகால்கள் கற்ற அத்தனை வித்தையையும், அது தன் சொத்து என்று, அவர் உடம்பிலிருந்தே அணி திரும்ப எடுத்துக்கொண்டது. அடுத்து ஹாக்கிக்குப் போனார். போன மாதம் அந்த அணியும் அப்படியே செய்தது. முப்பத்தாறு வயதில், புதியவர்களான எங்களோடு வந்து சேர்ந்திருக்கிறார்.

“வேணும்னே விட்டுக்கொடுக்கிறீங்களாக்கா?” என்று கேட்டேன்.

“அடப் போடி! நெசமாவே மாட்டிக்கிறேன்.”

“உங்க பழைய வீடியோவப் பாத்துப் பழகலாமே?”

“அது அந்த அணியோட ஆட்டம். இது நானாக் கத்துக்கிறது. இத எவன் வந்து திருப்பிக் கேப்பான்?”

பயிற்சியாளர் விசில் ஊதினார். மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டே அக்கா மறுபடியும் கோட்டைத் தாண்டி வந்தார். நான் பாய்ந்தேன். கைக்கு மண்தான் கிடைத்தது.