சாமி இருக்காரா?

"சாமி இருக்காரா?"

கண்களை மறைத்துக் கட்டுப்போட்டுக் கிடந்தவர், காலையிலிருந்து இதை ஏழாவது முறையாகக் கேட்டார். பட்டாளத்தில் மதகுருவைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். சாகக் கிடப்பவன் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, பிரார்த்தனை சொல்லி அனுப்பிவைப்பது அவர் வேலை. ஆஸ்பத்திரியாக மாறியிருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒருவர் கிடையாது. தலைமை முகாமுக்குச் சொல்லி அனுப்பியதற்கு, பாலம் உடைந்துவிட்டது, நாளைக்கு முன்னால் யாரும் வர முடியாது என்று பதில் வந்தது.

நாளைவரை அவர் தாங்க மாட்டார்.

"நீங்களே போய்ச் சாமின்னு சொல்லிடுங்க," என்றார் டாக்டரம்மா.

அவர் அதைச் சொன்னது இல்லையப்பனிடம். காயங்களுக்குக் கட்டுப்போடும் உதவியாளருக்குச் சிப்பாய்கள் வைத்த பெயர் அது. கடவுள் இல்லை, சொர்க்கம் இல்லை, செத்தால் மிச்சம் ஒன்றும் இல்லை என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிபவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? குண்டு விழும்போது எல்லாரும் குப்புறப் படுத்துக்கொண்டு அவரவர் தெய்வத்தைக் கூப்பிடுவார்கள். இவர் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். அதில் அவருக்கு ஒரு தனிப் பெருமை.

சாகப்போகிறவர்களிடம் பொய் சொல்வதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருப்பதாக அவர் சொல்லிப் பார்த்தார். டாக்டரம்மா கையிலிருந்த ரத்தத்தைத் துடைத்தபடியே, "அந்தக் கட்டுப்பாட்டை நாளைக்குக் காலையில திரும்ப எடுத்துக்குங்க. இப்ப போங்க," என்றார்.

பதினோராம் கட்டில் ஜன்னலோரம் இருந்தது. வெளியே உச்சிப்பொழுதுதான். ஆனால் புகையும் பனியும் கலந்து, கண்ணாடியில் சாம்பலை அப்பினாற்போல வெளிச்சமே இல்லை. விடியற்காலையில் நின்ற பீரங்கிச் சத்தம் அதன்பிறகு கேட்கவில்லை. இந்த அமைதிக்குச் சத்தம்கூடத் தேவலை.

இல்லையப்பன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு, "சாமி வந்திருக்கேன்," என்றார்.

அந்த மனிதர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். கட்டுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் தன்னையே பார்ப்பதுபோல இல்லையப்பனுக்குப் பட்டது. அங்கே கண்களே இல்லை. காலையில் கட்டுப்போட்டதே அவர்தான்.

"கையைக் கொடுங்க சாமி." பிடித்துப் பார்த்துவிட்டு அவர் முணுமுணுத்தார். "என்ன இப்படிச் சில்லிட்டுக் கிடக்கு? சாகப்போறது நானா, நீங்களா?"

சுற்றிலும் முனகிக்கொண்டிருந்த முப்பது பேரும் ஒரே நேரத்தில் அடங்கிப்போனார்கள். யார் சொல்லி அடங்கினார்கள் என்று தெரியவில்லை.

இல்லையப்பனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பிரார்த்தனை. சின்ன வயதில் அம்மா சொல்லிக் கொடுத்தது, வளர்ந்தபின் வேண்டுமென்றே மறந்தது. முதல் இரண்டு வரி எப்படியோ வந்துவிட்டது. மூன்றாவதில் நாக்கு நின்றது. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் குனிந்து பார்த்தார். வெடித்துப்போன அந்த உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன.

உதட்டைப் பார்த்தபடி அவர் வாயைத் திறந்தார். வரி வந்தது. அடுத்ததும் வந்தது. கடைசிவரை உதடுகள் ஒரு சொல் முன்னால் போக, இவர் குரல் பின்னாலேயே போனது. யார் யாருக்காகப் பிரார்த்திக்கிறார்கள் என்று புரியாமல் அவருடைய பிடரி மயிர் சிலிர்த்துக்கொண்டது.

முடிந்ததும் அந்த மனிதர் கேட்டார். "நிஜமாவே ஒருத்தர் இருக்காரா?"

"இருக்கார்."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கேன்."

"எத்தனையோ பேரை இப்படிக் கையைப் பிடிச்சு அனுப்பிவெச்சிருப்பீங்க. ஒருத்தராவது திரும்பி வந்து, அங்கே இன்னது இருக்குன்னு சொன்னாங்களா?"

பொய் சொல்லியாகிவிட்டது. இனி அரைகுறையாகச் சொல்லி என்ன பயன் என்று தோன்றியது இல்லையப்பனுக்கு. "வரலைங்க. போனவங்களுக்குத் திரும்பி வர மனசே வரலை போல. அவ்வளவு நல்ல இடமா இருக்கும்."

காற்று கசிவதுபோல ஒரு சிரிப்பு வந்தது. "நல்ல பதில். எனக்கு இது தோணாமப் போச்சே."

பிறகு அவர் இன்னொரு கையை மெல்லத் தூக்கினார். எதையோ தேடுவதுபோல இல்லையப்பனின் மோவாயைத் தொட்டு, நெற்றியைத் தடவி, உச்சந்தலையில் வைத்தார். தண்ணீர் வேண்டுமா என்று இல்லையப்பன் இரண்டு முறை கேட்டார். பதில் இல்லை. கை அங்கேயே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது. அதை எடுத்துக் கீழே வைக்கத் தனக்கு ஏன் அவ்வளவு நேரமானது என்று அவரால் பிறகு சொல்ல முடியவில்லை.

அரை மணி கழித்துப் பதிவேட்டோடு குமாஸ்தா வந்தார். காலையில் கத்தரித்து எறிந்த சட்டையை மூட்டையிலிருந்து இழுத்து, பையிலிருந்த அடையாள அட்டையில் சேற்றைத் துடைத்தார். எண்ணையும் ரத்த வகையையும் எழுதியவர், அடுத்த வரியில் பேனாவை நிறுத்திவிட்டு, இவர் கடைசியாக யாரைக் கேட்டார் என்று விசாரித்தார். சாமியைத்தான் கேட்டார், வேறு வழியில்லாமல் நான் போய் உட்கார்ந்தேன் என்றார் இல்லையப்பன்.

குமாஸ்தா அட்டையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இருபத்திரண்டு வருஷமா ஏழாம் படைக்குச் சாமியே இவர்தாங்க."